பழைய லேத்துக்கு ஸ்பேர் வாங்குகிறீர்களா? பணம் போடும் முன் பல்லை எண்ணிவிடுங்கள்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கியர் செட் 21,000, ஹாஃப் நட் 4,500, சக் ஜா மூன்றும் சேர்த்து 3,500, பார்சல் லாரிக்கு 840. ஆக மொத்தம் 29,840 ரூபாய். இதில் ஒரு பொருள்கூட இன்று என் லேத்தில் (கடைசல் மெஷினில்) இல்லை.

ஏமாந்தது யாரோ விவரம் தெரியாத ஆள் என்று நினைக்க வேண்டாம். ஐடிஐ-யில் 31 வருஷம் டர்னர் டிரேடு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். சேர்ந்த முதல் வாரமே பையன்கள் கையில் வெர்னியரைக் கொடுத்து, கண்ணை நம்பாதே, அளந்து பார் என்று சொல்லிச் சொல்லியே தொண்டை போனவன். அந்த வாத்தியார்தான் ஒரு போட்டோவைப் பார்த்துப் பணம் போட்டார். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு விற்ற ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

லேத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். கோவையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைப் பட்டறையைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்தேன். மைஃபோர்டு எம்எல்7. இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கத்தில் பீஸ்டன் என்ற ஊரில் செய்தது. 1946-இல் வந்த மாடல். சென்டர் உயரம், அதாவது படுக்கைக்கும் சுழலும் மையத்துக்கும் உள்ள தூரம், மூன்றரை இன்ச்தான். கோவை கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருப்பவர்கள் பார்த்தால் பொம்மை என்று சிரிப்பார்கள். ஆனால் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஓடும், கார் ஷெட்டின் ஒரு மூலையில் அடங்கும். ஓய்வு பெற்ற ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்தபோது மெஷின் பரிதாபமாக இருந்தது. ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டில் இறுகிப்போன சக்கை (வேலைப்பொருளைப் பிடிக்கும் பாகம்) கழற்ற யாரோ வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் பூட்டிவிட்டு ராடு போட்டு இழுத்திருக்கிறார்கள். பெரிய கியரில் இரண்டு பல் போயிருந்தது. இந்த மெஷின்களில் இதே பல் இதே காரணத்துக்காகத்தான் எல்லா ஊரிலும் உடைந்திருக்கும். அதைப் பித்தளை உருக்கிக் கட்டி, அரம் போட்டு நானே சரி செய்துகொண்டேன். லீட் ஸ்க்ரூ என்ற நீளத் திருகைக் கவ்வி டூலை நகர்த்தும் ஹாஃப் நட்டின் மரை தேய்ந்து பிளேடு மாதிரி ஆகியிருந்தது. சக்கில் பொருளைக் கவ்வும் மூன்று ஜாவில் ஒன்று காணோம். மரையின் இடைவெளிக்கு ஏற்ப மாற்றி மாட்டும் சேஞ்ச் கியர்களில் மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு. மற்றவை எந்தக் காயலான் கடைக்கு எடைக்குப் போயினவோ.

சேஞ்ச் கியர் இல்லாத லேத்தில் மரை வெட்ட முடியாது. அப்புறம் அதை வைத்துக்கொண்டு கம்பியைச் சீவிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

பீஸ்டன் தொழிற்சாலை 2011-இல் மூடிவிட்டது. பெயரையும் மிச்சச் சரக்கையும் இங்கிலாந்திலேயே வேறொரு நிறுவனம் வாங்கி இன்றுவரை ஸ்பேர் விற்கிறது. விலை போட்டுப் பார்த்தேன். பொருளின் விலை, கப்பல் கூலி, இங்கே சுங்கம் எல்லாம் சேர்த்தால் ஏலத்தில் லேத் வாங்கிய பணத்தைத் தாண்டியது. அந்த நேரத்தில்தான் பழைய மெஷின் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அந்தப் போட்டோ வந்தது.

பச்சை மொசைக் தரை, அதில் குறுக்கே ஒரு விரிசல். தரையில் வரிசையாகப் பன்னிரண்டு கியர்கள். அளவு தெரிவதற்காக ஓரத்தில் ஒரு 10 ரூபாய் நாணயம். கீழே 'ஒரிஜினல் மைஃபோர்டு, பழைய ஸ்டாக்' என்று எழுதியிருந்தது.

போன் செய்தேன். நல்ல தமிழ், பணிவான பேச்சு. சென்னையில் கடை என்றார். "கம்பெனி 2011-ல மூடினப்போ மொத்தமா எடுத்த சரக்கு சார். உங்கள மாதிரி தெரிஞ்சவங்க கைக்குப் போனா எனக்கும் சந்தோஷம்." வருஷம் சரியாக இருந்தது. அது எனக்கே தெரிந்த வருஷம் என்பதால் மற்றதும் உண்மை என்று மனது தானாக எடுத்துக்கொண்டது. பொய் சொல்கிறவன் நடுவில் ஒரு உண்மையைச் செருகி வைப்பான் என்று அப்போது தோன்றவில்லை.

பில் கேட்டேன். "பில் போட்டா 18 பெர்சன்ட் ஜிஎஸ்டி ஏறும் சார், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார். அவர் பில் போடாதது என்னவோ என் நன்மைக்காக என்பது போல் நானும் தலையாட்டினேன். கடைசியில் ஒரு தூண்டிலும் போட்டார். முழு செட்டாக எடுத்தால் 127 பல் கியர் ஒன்று இலவசம்.

இந்த 127-இல்தான் விழுந்தேன். எம்எல்7-இன் லீட் ஸ்க்ரூ இன்ச் கணக்கு, ஒரு இன்ச்சுக்கு 8 மரை. அதில் மில்லிமீட்டர் மரை சுத்தமாக வெட்ட வேண்டுமென்றால் நடுவில் 127 பல் வேண்டும். ஒரு இன்ச் 25.4 மி.மீ., ஐந்து இன்ச் 127 மி.மீ., அதுதான் கணக்கு. அவ்வளவு பெரிய கியர் இந்தச் சின்ன லேத்தின் மூடிக்குள் அடங்குமா என்றுகூட யோசிக்கவில்லை. அன்று இரவே யுபிஐ-யில் 29,000 அனுப்பிவிட்டேன். மனைவி, "ஏனுங்க, முகம் தெரியாத ஆளுக்கு இவ்வளவு பணமா?" என்று கேட்டாள். தொழில் தெரிந்த ஆள், பேச்சிலேயே தெரிகிறது என்றேன்.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. கியர்களெல்லாம் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தன. பழைய ஸ்டாக் ஏன் இவ்வளவு பளபளப்பு என்று உறுத்தியிருக்க வேண்டும். எனக்கோ புது வளையல் வந்த மாதிரி சந்தோஷம். ஒன்றோடொன்று கோத்துச் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் போல் சுற்றின. சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். ஒரே கட்டரில் வெட்டிய இரண்டு தப்பான கியர்களும் தமக்குள் நன்றாகத்தான் சேரும். பார்க்க வேண்டியது மெஷினில் ஏற்கெனவே இருக்கும் பழைய கியரோடு சேர்கிறதா என்பதை.

மாட்டி ஓட்டினேன். ஸ்பிண்டிலிலிருந்து சுழற்சியை எடுத்துவரும் பழைய டம்ளர் கியரோடு சேரும் இடத்தில் கரகரவென்று சத்தம். இடைவெளியைக் கூட்டினால் தடதட, குறைத்தால் அரைக்கிறது. போன் போட்டேன். "புது கியர் அப்படித்தான் சார் கத்தும். கிரீஸ் வெச்சு ஒரு நாள் ஓட விடுங்க, தானா செட் ஆயிடும்." என்னிடம் படித்த பையன் எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன். பணம் கொடுத்துவிட்டதால் நம்ப ஆசையாக இருந்தது. கிரீஸ் வைத்து நாலு மணி நேரம் ஓட விட்டேன்.

அதன் பலன், எழுபது வருஷம் தாக்குப்பிடித்த டம்ளர் கியரின் பல் ஓரமெல்லாம் நசுங்கியது. ஒரு பல்லின் முனையில் சில்லு பெயர்ந்தது. 29,840-ஐவிட எனக்கு இதுதான் வலிக்கிறது. அது கணக்கில் வராத நஷ்டம், அதுவும் என் கையாலேயே செய்தது.

அன்று சாயங்காலம்தான் வெர்னியரை எடுத்தேன். 60 பல் கியரின் வெளிவிட்டம் 77.5 மி.மீ. காட்டியது. அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கியர் பல்லின் பருமனைச் சொல்ல இரண்டு கணக்கு உண்டு. இங்கிலாந்து, அமெரிக்கப் பழைய மெஷின்களில் டிபி (டயமெட்ரல் பிட்ச், ஒரு இன்ச் விட்டத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு), நம் ஊரில் இன்று புழங்குவது மாட்யூல் (ஒரு பல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்ற கணக்கு). எம்எல்7-இன் சேஞ்ச் கியர் 20 டிபி. மாட்யூலில் சொன்னால் 1.27 வரும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கட்டர் 1.25. 'பக்கத்தில்தானே இருக்கிறது' என்று அதில் வெட்டித் தள்ளிவிடுகிறார்கள். கண்ணால் பார்த்தால் கடவுளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரத்தில் 0.06 மி.மீ. மட்டுமே மாறுகிறது. போதாக்குறைக்குப் பழைய கியரின் பல் சாய்வு பதினாலரை டிகிரி, இன்றைய கட்டர்கள் பெரும்பாலும் 20 டிகிரி. இரண்டும் சேர்ந்தால் எப்படி உருளும்? உரசும், அரைக்கும், கடைசியில் எது பழசோ அது தேயும்.

கண்டுபிடிப்பதோ மிகச் சுலபம். பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டுங்கள். டிபி கியர் என்றால் அதை டிபி எண்ணால் வகுத்தால் இன்ச்சில் வெளிவிட்டம் வரும். மாட்யூல் என்றால் பெருக்கினால் மில்லிமீட்டரில் வரும். 60 பல் 20 டிபி கியருக்கு 62-ஐ 20-ஆல் வகுத்தால் 3.1 இன்ச், அதாவது 78.74 மி.மீ. எனக்கு வந்தது 77.5. ஒன்றேகால் மில்லி வித்தியாசம், வெர்னியர் வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேலே காட்டிக்கொடுக்கும். இதை வாங்கும் முன் போனிலேயே கேட்டிருக்கலாம். '60 பல் கியரை வெர்னியரில் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

சரி, 1.25-இல் வெட்டியது அறியாமை என்றே வைத்துக்கொள்வோம், வெட்டியவர் வேறு யாராவது இருக்கலாம் என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு நப்பாசை. அப்போது அந்த இலவச கியர் கண்ணில் பட்டது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்த்தேன். சாக்பீஸால் ஒரு பல்லில் குறி வைத்து எண்ணினேன். 125. மறுபடி எண்ணினேன். பேத்தியைக் கூப்பிட்டு எண்ண விட்டேன். அவளுக்கும் 125.

இது கைதவறிய பிழையாக இருக்க வழியில்லை. 127 பகா எண். வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்கும் சாதாரண டிவைடிங் ஹெட்டில் நேரடியாகப் பிரிக்கத் தோதான துளைத் தட்டு கிடையாது. டிஃபரன்ஷியல் இண்டெக்சிங் என்று தனியாகக் கியர் கோத்து வெட்ட வேண்டும், பொறுமை பிடித்த வேலை. 125 என்றால் 25 துளைத் தட்டில் எட்டு எட்டாக நகர்த்தினால் முடிந்தது. ஆக வெட்டியவருக்கு 127 எதற்கு என்று நன்றாகவே தெரியும். யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்கிறது. அதை மாட்டி ஒன்றரை மி.மீ. பிட்ச் மரை வெட்டியிருந்தால் பத்து மரைக்குள் கால் மில்லி தப்பியிருக்கும். நட் நாலைந்து சுற்று போய் இறுகியிருக்கும், நான் டூலைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ஹாஃப் நட் கதை இன்னும் வேடிக்கை. கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) என்று சொல்லி வந்தது பித்தளை. அதாவது போகட்டும், மரை 3 மி.மீ. பிட்ச். இன்ச்சுக்கு 8 மரை என்றால் 3.175 வர வேண்டும். எட்டு மரைக்குள் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லி விலகிவிடும், லீட் ஸ்க்ரூவின் மேல் அது மூடவே மூடாது. இதைச் சொன்னபோது அவர் சொன்ன பதிலை ஃபிரேம் போட்டு மாட்டலாம்: "உங்க லீட் ஸ்க்ரூ தேஞ்சு நீண்டுடுச்சு சார். புது ஸ்க்ரூ நம்மகிட்டயே இருக்கு, பதினோராயிரம்." நட்டு சேரவில்லை என்றால் ஸ்க்ரூவை மாற்று. செருப்பு பத்தவில்லை என்றால் காலை வெட்டு.

சக் ஜாவில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1, 2, 3 என்று எண் குத்தியிருந்தது. ஆனால் சீரியல் நம்பர் இரண்டில் ஒன்று, மூன்றாவதில் வேறு. ஒரு சக்கின் ஜா அந்தச் சக்குக்கே பிறந்தது. அடுத்த சக்கில் போட்டால் நடுவில் பிடிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. டயல் கேஜில் நாற்பது பாயிண்ட் ஆடியது, அதாவது 0.4 மி.மீ. ஜா மட்டும் தனியாகத் தேடாதீர்கள். ஒன்று தொலைந்தால் புது சக்காக வாங்கி, அதை ஸ்பிண்டிலோடு இணைக்கும் பேக் பிளேட் செய்துகொள்வதுதான் மலிவு. இதைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பணம் திருப்பிக் கேட்டேன். இரண்டு நாள் 'பார்க்கலாம் சார்'. மூன்றாம் நாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். சென்னையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் அந்த முகவரிக்கு நேரில் போய்ப் பார்த்தான். பூட்டிய ஷட்டர். எதிரே டீக்கடைக்காரர், "நீங்களும் கியரா? போன வாரம்தான் ஒருத்தர் வந்து விசாரிச்சிட்டுப் போனார்" என்றாராம்.

1930-க்குப் போன் செய்தேன். பண மோசடிக்கான சைபர் உதவி எண் அது. பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நான் கூப்பிட்டது கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து. பொருள் வரவே இல்லையென்றால் ஒரு மாதிரி, இங்கே பொருள் வந்திருக்கிறது, நானே விரும்பி அனுப்பிய பணம். புகாரைப் பதிவு செய்தார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசியவர் பொறுமையாகக் கேட்டார். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எதிராளி யார்? என்னிடம் பில் இல்லை, சரியான முகவரி இல்லை, இருப்பது ஒரு யுபிஐ பெயரும் பூட்டிய ஷட்டரும். 18 சதவீதம் மிச்சம் பிடித்த லட்சணம் இது. பட்டறை வைத்து வியாபாரம் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வணிகத்துக்காக வாங்கிய பொருள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவருக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நாம்.

இதற்கு நடுவில் உள்ளூரிலும் ஒரு அடி. எம்எல்7-இன் ஸ்பிண்டில் ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகக் கலவையில் வார்த்த பேரிங்கில் ஓடுகிறது. அதைப் புதிதாக வார்த்துத் தரச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்திருந்தேன். வார்ப்பு வேலை குறை சொல்ல முடியாது. ஆனால் மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம் தகடுகளைக் காணோம். மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தது, தேயத் தேய ஒவ்வொரு தாளாக உரித்து பேரிங்கை இறுக்கிக்கொள்ளலாம். கேட்டால், "அந்தத் துருப்பிடிச்ச தகடுங்களா? குப்பையில போட்டுட்டோம், ஏன், வேணுமா?" என்றார்கள். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மோட்டார் பேரிங் செய்பவர்கள், இதைப் பார்த்ததில்லை. என் தப்பு, எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு வெறும் உடம்பை மட்டும் கொடுத்திருக்க வேண்டும். ஷிம் ஸ்டாக் வாங்கி ஐந்து பாயிண்ட் தகடுகளாக வெட்டி அடுக்கினேன். வேலை நடக்கிறது.

கடைசியில் கியர் கிடைத்த இடம் என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். கணபதியில் ஒரு சந்து, ஒரு மில்லிங் மெஷின், ஒரே ஆள், என் வயதுதான் இருக்கும். நசுங்கிய டம்ளர் கியரை அவர் முன் வைத்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "டிபிங்களா, மாட்யூலுங்களா?" இரண்டாவது கேள்வி: "பதினாலரையா, இருபதா?" எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

பெஞ்சுக்கு அடியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய பெட்டியை எடுத்தார். 20 டிபி, பதினாலரை டிகிரி கட்டர்கள். எட்டு இருக்க வேண்டிய செட்டில் ஆறு இருந்தன. "மூடின மில்லுல எடுத்ததுங்க வாத்தியாரே. யாரும் கேக்கறதில்ல, போடவும் மனசு வரல." பன்னிரண்டு கியரும் வேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தெந்த மரை நிஜமாகவே வெட்டப் போகிறீர்கள் என்று கேட்டு, ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டு, டம்ளரோடு சேர்த்து ஏழு போதும் என்றார். ஏழுக்கும் 7,700 ரூபாய், கையெழுத்துப் போட்ட பில்லோடு. முதலில் ஒன்றே ஒன்று வெட்டிக் கொடுத்து, மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அப்புறம் மற்றதை வெட்டுகிறேன் என்றார். ஹாஃப் நட்டுக்கும் அவரே ஆள் சொன்னார். என் லீட் ஸ்க்ரூவைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, அதை மேஜையில் வைத்துக்கொண்டே கன்மெட்டலில் மரை வெட்டி, ஸ்க்ரூவில் ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே இரண்டாக அறுத்தார் அந்த மனிதர். போட்டோவும் இல்லை, 'ஒரிஜினல்' என்ற பேச்சும் இல்லை.

இப்போது லேத் ஓடுகிறது, மரை வெட்டுகிறது. 127 இன்னும் இல்லை. மில்லிமீட்டர் மரைக்கு அதில் கிட்டத்தட்டப் பாதியான 63 பல் வைத்து ஒப்பேற்றிக்கொள்கிறேன், சின்ன நீள மரைக்கு அந்தப் பிழை தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் இருக்கும் மாணவன் ஒருவன் ஒரு போட்டோ அனுப்பிக் கேட்டான்: "சார், இது உங்க லேத்துக்குச் சேருமா? நல்ல விலைக்கு வருது." திறந்து பார்த்தேன். பச்சை மொசைக் தரை, குறுக்கே அதே விரிசல், ஓரத்தில் அதே 10 ரூபாய் நாணயம். விலை மட்டும் 26,000 ஆகியிருந்தது. முழு செட் எடுத்தால் 127 பல் கியர் இலவசமாம்.

"அந்த 127-ஐ ஒவ்வொரு பல்லாக எண்ணி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்" என்றேன். பையன் அப்படியே கேட்டிருக்கிறான். பத்து நிமிஷத்தில் அவனையும் பிளாக் செய்துவிட்டாராம்.